மூன்று தெரு கூடும் முக்கு

"எந்தத் தெருவ விடணும், அம்மை?"

வள்ளிநாயகம் வந்து நின்றதும் நிற்காததுமாகக் கேட்டார்.

பேச்சியம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பேருதான் பேச்சி, பேச்சில் மகா கருமி. ஊருக்கு வெளியே பனையோலைக் குடிசையில் தனியாக இருக்கிற சாமியாரம்மா. வள்ளிநாயகம் அவளைவிட நன்றாகவே மூத்தவர். ஆனாலும் அவள் குரு, இவர் சீடர். வயசைக் கேட்டுக்கொண்டா ஞானம் வருகிறது?

"எத விட்டாலும் அடிதடி. எதையாவது விட்டுத்தான் ஆகணும். எதன்னு நீங்க சொல்லிருங்க."

"எதுக்கு விடணும்?" என்றாள்.

வள்ளிநாயகத்துக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது அங்கேதான்.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒருநாள் அம்மன் சப்பரத்தில் வெளியே வருவாள். முன்னால் தீவட்டி பிடித்துப் போவது வள்ளிநாயகம் வீட்டு உரிமை. தீவட்டி எங்கே போகிறதோ அங்கே சப்பரம் போகும். தூக்குகிற ஆட்கள் தலையை நிமிர்த்தக்கூடாது, தீவட்டி வெளிச்சத்தைத்தான் பார்த்து நடக்கணும். அப்படி ஒரு கட்டு.

இன்னொரு கட்டும் உண்டு. அம்மன் ஒரு தெருவில் போகும்போது வரம் கொடுத்துக்கொண்டே போவாளாம். அதே தெருவில் இன்னொரு தரம் வந்தால், கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவாளாம். அதனால் ஒரு தெருவுக்கு ஒரு தரம்தான். முக்கை எத்தனை தரம் வேண்டுமானாலும் தாண்டலாம். முக்கில் யார் குடியிருக்கிறார்கள், பறிகொடுக்க?

ஆதியில் ஊருக்கு நாலே தெரு. நடுவில் குளம், சுற்றிலும் சதுரமாகத் தெரு. கோயிலிலிருந்து தேரடித் தெரு வழியாக வேம்படி முக்கு. அங்கிருந்து நெல்லுக்காரத் தெரு, ஆலடி முக்கு. பிறகு சந்தைத் தெரு, கிணற்றடி முக்கு. கடைசியாகப் பூந்தோட்டத் தெரு வழியாகக் கோயில். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விட்டு வந்துவிடலாம்.

அப்புறம் ஆற்று வெள்ளத்தில் வீடிழந்த சனம் வந்து, வேம்படி முக்கிலிருந்து கிணற்றடி முக்கு வரைக்கும் குளத்துக் கரையோரமாக வீடு கட்டிக்கொண்டது. அது குளக்கரைத் தெரு. ஐந்தாவது தெரு.

அதோடு தொலைந்தது நிம்மதி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், புதுத் தெருவுக்கும் போய்ப் பார்ப்போம் என்று வள்ளிநாயகம் துணிந்து போனார். தேரடி, குளக்கரை, சந்தை, நெல்லுக்காரத் தெரு என்று சுற்றி வந்தால் மறுபடியும் வேம்படி முக்கில் நிற்கிறார். அந்த முக்கில் கூடுகிற மூன்று தெருவும் போய் முடித்த தெரு. பூந்தோட்டத் தெரு மட்டும் பாக்கி. ஆனால் அங்கே போக வழி இல்லை. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அம்மன் கண்ணைப் பட்டுத் துணியால் கட்டி, தேரடித் தெரு வழியாகவே ஓட்டமும் நடையுமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கண்ணைக் கட்டினால் அம்மனுக்குத் தெரியாதாம்! அந்த மாசமே தேரடித் தெருவில் ஒரு பசு செத்தது. பழி வள்ளிநாயகம் தலையில்.

போன வருஷம் வம்பே வேண்டாம் என்று குளக்கரைத் தெருவை விட்டுவிட்டுப் போனார். மண்டை உடைந்தது.

மண்டை உடைந்தால் பரவாயில்லை. குளக்கரைத் தெருவில்தான் அவர் மகள் கோமு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இரண்டு தரம் உண்டாகி இரண்டு தரமும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது. நிறைமாசக்காரி கோயில் படி ஏறக்கூடாது. அம்மன்தான் வாசலுக்கு வரணும்.

"எல்லாரு வீட்டுக்கும் சாமிய கூட்டிட்டுப் போறிய. பெத்த மக வீட்டுக்கு மட்டும் வழி தெரியல, என்னப்பா?" என்று அவள் கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை. சும்மாதான் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேச்சியம்மை புளியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இந்தக் குடிசைக்கு எத்தன வாசல்?" என்றாள்.

"மூணு."

"மூணையும் தாண்டிக் காட்டும். ஒரு வாசல ஒரு தரம்தான். வெளிய இருந்து கெளம்பணும், வெளியவே வந்து நிக்கணும்."

இது என்ன விளையாட்டு என்று நினைத்தார். இருந்தாலும் குரு சொல்லாச்சே.

கிழக்கு வாசலில் நுழைந்தார். தெற்கு வாசலில் வெளியே வந்தார். வடக்கு வாசலில் நுழைந்தார். குடிசைக்குள்ளே நின்றார்.

"மூணும் ஆச்சு, அம்மை."

"வெளிய வாரும்."

"எதுல வர?"

"தாண்டாத வாசல்ல."

மறுபடி ஆரம்பித்தார். தெற்கில் நுழைந்து வடக்கில் வந்து கிழக்கில் நுழைந்தார். உள்ளேதான் நின்றார். வடக்கில் ஆரம்பித்துப் பார்த்தார். ஊஹூம். எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் குடிசைக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது.

பேச்சியம்மை எழுந்து வந்து மூன்று வாசலுக்கும் தட்டியை வைத்துச் சாத்தினாள்.

"அம்மை! என்ன இது?"

"வழி தெரிஞ்சா கூப்பிடும்."

உச்சி வெயில். உள்ளே புழுக்கம். வயிறு கூப்பாடு போட்டது. வள்ளிநாயகம் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். நுழைகிறது, வெளியே வருகிறது, நுழைகிறது. இதில் தப்பு எங்கே இருக்கிறது? தன் மேல் தப்பா, வாசல் மேல் தப்பா? கால் தப்பா?

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கத்தினார்.

"அம்மை! உள்ள இருந்து கெளம்பினா வெளிய வந்து நின்னுருவேன்! வெளிய, உள்ள, வெளிய! சரியா வருது!"

"நீரு உள்ளயா பெறந்தீரு?"

"இல்ல."

"அம்மன் வேம்படி முக்குலயா குடியிருக்கா?"

"இல்ல. கோயில்ல."

"அப்போ பேசாம இரும்."

அம்மனுக்கும் குடிசைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் விளங்கவில்லை. போதாததற்குக் கொசு வேறு.

வெயில் இறங்கின பிறகு மேற்குப் பக்கச் சுவரில் சரக் சரக் என்று சத்தம் கேட்டது. பார்த்தால் அரிவாள் முனை. பேச்சியம்மை ஓலைச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் குனிந்து வருகிற அளவுக்கு வெட்டி, ஓலையை இழுத்து எறிந்தாள்.

"வாரும்."

வள்ளிநாயகம் தவழ்ந்து வெளியே வந்தார். தலையெல்லாம் ஓலைத் தூசி.

"இப்ப எத்தன வாசல்?"

"நாலு."

"வெளிய நிக்கீரா?"

"நிக்கேன்."

"போயிட்டு வாரும்."

அவ்வளவுதான் உபதேசம். புளிக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் வேம்படி முக்கு வந்தது. அனிச்சையாகக் கால் நின்றது. இந்தப் பக்கம் தேரடித் தெரு, அந்தப் பக்கம் நெல்லுக்காரத் தெரு, எதிரே குளக்கரைத் தெரு. அதை ஒட்டியே குளத்துப் படித்துறை. வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொரு தெருவாகக் கையை நீட்டினார்.

"இதுல வந்தாச்சு. அதுல போயாச்சு. அதுல திரும்பி வந்தாச்சு."

கை நின்றுவிட்டது.

வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, "என்ன அண்ணாச்சி, யாருகிட்ட பேசுதிய?" என்றாள்.

"ரெண்டு தெரு கூடினா வரலாம், போலாம். நாலு கூடினா வரலாம், போலாம், வரலாம், போலாம். மூணு கூடினா..."

"கூடினா?"

"மாட்டிக்கிடுவோம்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பொறுக்கினாள்.

அவர் விறுவிறுவென்று கிணற்றடி முக்குக்குப் போனார். அங்கேயும் மூன்று. ஆலடி முக்குக்குப் போனார். இரண்டு. கோயில் முக்கு இரண்டு. அப்படியானால் இந்தத் தொல்லையெல்லாம் அந்த இரண்டு முக்கில்தான் இருக்கிறது! சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே ஊர்க்கூட்டத்துக்குப் போனார். போயிருக்கக் கூடாது.

"எந்த வழியில போனாலும் முடியாது," என்றார் கூட்டத்தில். "நான் போனாலும் முடியாது, என் தாத்தா போனாலும் முடியாது. வேம்படி முக்குலயும் கிணத்தடி முக்குலயும் இன்னொரு வழி வேணும். அதுல போயி இதுல வரணும்."

ஊர்ப் பெரியவர் சங்கரபாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அதாவது, எவன் வீட்ட இடிக்கச் சொல்லுதீரு?"

"அது... தெரியல."

"பாதி ஊரை இடிச்சுத்தான் உம்ம மக வாசலுக்குச் சாமி வரணும். அப்படித்தானே?"

கூட்டம் சிரித்தது. வள்ளிநாயகத்துக்கு முகம் செத்துவிட்டது.

கோமுவின் மாமனார் மாசானம் எழுந்தார். குளக்கரைத் தெருவுக்கு அவர் வாக்குதான் வாக்கு.

"சம்மந்தி, உம்ம கணக்கெல்லாம் எனக்குப் புரியாது. இந்த வருஷம் எங்க தெருவுக்கு வராம சப்பரம் வேம்படி முக்கத் தாண்டாது. தாண்டினா, முதல் அடி உமக்குத்தான். உறவு முறையெல்லாம் அப்புறம்."

"நெல்லுக்காரத் தெருவ விட்டாலும் அதே அடிதான்," என்றது இன்னொரு குரல்.

மறுநாள் விடிந்ததும் வள்ளிநாயகம் குடிசைக்கு ஓடினார்.

"அம்மை, இன்னொரு வழி வேணும்னு புரிஞ்சுபோச்சு. ஆனா யாரு வீட்ட இடிக்க?"

பேச்சியம்மை அவர் காலைப் பார்த்தாள்.

"என்ன, காலெல்லாம் சேறோட வந்து நிக்கீரு?"

அவர் குனிந்து பார்த்தார். கால் காய்ந்த புழுதியாக இருந்தது. மழை பெய்து மாசக்கணக்காகிறது.

"சேறு இல்லையே, அம்மை."

"இல்லையா?"

"இல்ல."

"சரி, போயிட்டு வாரும்."

"அம்மை, நாளைக்குச் சப்பரம்! எனக்கு ஒண்ணுமே புரியலையே!"

"புரிஞ்சுட்டுத்தான் நடப்பீரோ?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இப்படி ஒரு குருவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்டதற்குப் பதில் இல்லை. அடைத்துப் போடுகிறாள், இல்லாத சேற்றைப் பார்க்கிறாள். வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனார். திட்டுகிறோமே என்று பாதி வழியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் மறுபடியும் திட்டினார்.

சப்பரம் மறுநாள் சாயங்காலம் புறப்பட்டது.

மேளம், வேட்டு, குலவை. வள்ளிநாயகம் தீவட்டியைப் பிடித்து முன்னால் நடந்தார். தேரடித் தெருவில் வீட்டுக்கு வீடு தேங்காய் உடைந்தது. அம்மன் அசைந்து அசைந்து வந்தாள். வள்ளிநாயகத்துக்கு மட்டும் தெரு நீளமாக இருந்தால் தேவலை என்றிருந்தது.

வேம்படி முக்கு வந்துவிட்டது.

குளக்கரைத் தெரு வாயிலில் மாசானம் ஆட்கள் கம்போடு நின்றார்கள். நெல்லுக்காரத் தெரு வாயிலில் அந்தத் தெருக்காரர்கள் கம்போடு நின்றார்கள். மேளம் தானாகவே நின்றுவிட்டது.

"இங்க வாரும்!"

"இங்கிட்டுத் திரும்பும்வே!"

கம்புகள் உயர்ந்தன. சப்பரம் தூக்குகிறவர்கள் தலை குனிந்தபடி, தீவட்டி எந்தப் பக்கம் போகும் என்று காத்திருந்தார்கள். தோள் வலித்ததோ என்னவோ, சப்பரம் லேசாக ஆடியது.

குளக்கரைத் தெருவில், மூன்றாவது வீட்டு வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். கோமு. அவள் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

வள்ளிநாயகத்துக்குக் கால் அந்தப் பக்கம் இழுத்தது. இப்போதே குளக்கரைத் தெருவுக்குள் போய்விடலாம். மகள் குளிர்ந்துபோவாள். ஆனால் கடைசியில் ஏதாவது ஒரு தெரு பாக்கி நிற்கும். அம்மன் கண்ணைக் கட்ட வேண்டியிருக்கும். மகள் வாசலுக்கு வந்து கொடுத்த வரத்தை, திரும்பி வந்து பறித்துக்கொண்டு போனால்?



வந்த தெரு ஒன்று. இந்தப் பக்கம் ஒன்று. எதிரே ஒன்று. மூன்று வாசலும் தட்டி வைத்துச் சாத்தின மாதிரி இருந்தது. எங்கேயோ சரக் சரக் என்று அரிவாள் சத்தம் கேட்ட மாதிரியும் இருந்தது.

திரும்பிப் பார்த்தார்.

படித்துறை.

கோடையில் வற்றின குளம். நடுவில்தான் தண்ணீர். அந்தக் கரையில் இன்னொரு படித்துறை தெரிந்தது. கிணற்றடி முக்குப் படித்துறை.

அவர் யோசித்தாரா என்று கேட்டால், இல்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டார். தீவட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார். அடுத்த படி. அடுத்த படி.

"யோவ்! எங்க போறீரு?"

"பைத்தியம் பிடிச்சுட்டுது மனுசனுக்கு!"

"அம்மன் தண்ணில விழுந்துருவாவே!"

தூக்குகிறவர்கள் தலையை நிமிர்த்தவில்லை. தீவட்டியைத்தான் பார்த்தார்கள். தீவட்டி இறங்கியது. அவர்களும் இறங்கினார்கள்.

சேறு கணுக்காலை முழுங்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தபோது வள்ளிநாயகம் இரண்டு கையாலும் தீவட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். பின்னால் சப்பரமும் தோளிலிருந்து உயர்ந்து கைக்கு ஏறியது. தண்ணீருக்குள் இன்னொரு தீவட்டி எரிந்தது. ஊரே கரையில் நின்றது.

முதலில் குலவையிட்டது யார் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு கிழவி. அப்புறம் நெல்லுக்காரத் தெருவும் குலவையிட்டது, குளக்கரைத் தெருவும் குலவையிட்டது.

கிணற்றடிப் படித்துறையில் சொட்டச் சொட்ட ஏறினார் வள்ளிநாயகம். அங்கிருந்து திரும்பி, குளக்கரைத் தெருவுக்குள் நுழைந்தார். கம்பு வைத்திருந்தவர்கள் கம்பை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

கோமு வாசலில் தீவட்டி நின்றது. சப்பரம் நின்றது.

கோமு அம்மனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தாடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எப்பா, எந்த வழியா வந்திய?"

"தெரியலம்மா," என்றார். அழுதார்.

தேங்காய் உடைந்தது. சப்பரம் மறுபடி வேம்படி முக்குக்கு வந்தது. இந்தத் தரம் நெல்லுக்காரத் தெரு வாய் திறந்திருந்தது. ஆலடி முக்கு. சந்தைத் தெரு. கிணற்றடி முக்கு. கடைசியாகப் பூந்தோட்டத் தெரு. கோயில் வாசலில் தீவட்டியை இறக்கினபோது ஒரு தெருவும் பாக்கியில்லை. பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரி முழித்தார்.

மறுநாள் காலையில், வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலும் தோளில் ஒரு கட்டுப் பனையோலையுமாக வள்ளிநாயகம் குடிசைக்குப் போனார். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து கிடந்தது. கழுவ மனசு வரவில்லை.

பேச்சியம்மை சேற்றைப் பார்த்தாள். பொங்கலை வாங்கித் தின்றாள்.

மேற்குச் சுவரில் அவள் வெட்டின ஓட்டை அப்படியே இருந்தது. ஒரு ஆட்டுக்குட்டி அதன் வழியாக உள்ளே போய், கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தது.

"எனக்காகத்தானே அம்மை சுவரை வெட்டினிய. நான்தான் வெளிய வந்துட்டேனே. ஓலை கொண்டாந்திருக்கேன், அடைச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"கோமுவுக்கு இது எத்தனாவது மாசம்?"

"ஒன்பது, அம்மை."

பேச்சியம்மை இலையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அப்போ இன்னும் ஒரு ஆளு உள்ளதானே இருக்கு. அதுவும் வெளிய வரட்டும், அடைச்சுக்கிடலாம்."